மழை: சன்னாசி சொன்னது

டாக்டர் வந்திருக்கிறார் என்றதும்
அஞ்சாம் டிவிஷன் லயத்திலிருந்து
இருமலோடு நாலு பேர் வந்து நின்றார்கள்.
ஒருத்தி பிள்ளையின் காதைத் திருப்பிக் காட்டினாள்.
அவர் வேன் கதவைத் திறந்து
ஒவ்வொரு போத்தலாகத் தூக்கிப் பிடித்தார்:
"நான் இவங்களுக்குத்தான் டாக்டர்."
உள்ளே, ஸ்பிரிட்டில் வெளுத்த கண்களோடு
கெண்டை, கெளுத்தி, ஊசிமூக்கு,
இன்னும் பெயர் வைக்காத ஒன்று.

லோகாம்பாள். வயது அப்போது நாற்பத்தொன்று.
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்,
கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி.
மாதத்தில் ஒரு வியாழன், பதினோரு வருஷம்,
சுங்கை கெலாடியில் வலை போட வந்தார்.
மில்லில் எனக்கு அன்று ஓய்வு,
வலையின் மறுமுனை என் கையில்.
கூலி இருபது வெள்ளி, ஒரு கோப்பி.

செதில் எண்ணுவார் பாருங்கள்,
நகைக்கடையில்கூட யாரும் அப்படிக் குனிந்ததில்லை.
பக்கக்கோட்டில் இருபத்தாறு.
அடுத்ததில் இருபத்தேழு.
"ஒண்ணுதானே கூட, விடுங்க" என்றேன்.
"அந்த ஒண்ணுக்காகத்தான் சன்னாசி
இவ்வளவு தூரம் வர்றேன்."
சீட்டில் பென்சிலால்தான் எழுதுவார்.
மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.
பென்சில் போகாது,
எதை எழுதினாலும் போகாது.

நாலாம் குளத்து மடை என் பொறுப்பு.
செம்பனைக் கழிவு, கொதித்து ஆறிய பழுப்பு,
நுரை தட்டி அங்கேயே கிடந்து
தெளிந்த பிறகுதான் ஆற்றுக்குப் போகவேண்டும்.
குளம் நிரம்பினால் கிராணி போன் அடிப்பார்:
"ராத்திரிக்குக் கொஞ்சம் திறந்து விடு."
கொஞ்சம் என்பது எத்தனை சுற்று
என்று அவர் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

சில வியாழன்களில் வலையில் இலை வரும்.
இலை மட்டும்.
டாக்டர் ஒரு கை தண்ணீரை அள்ளி முகர்வார்.
"நேத்து ராத்திரி மழையா?"
"ஆமாங்க. நல்ல மழை. கலங்கிப்போச்சு."
எழுதிக்கொள்வார்.
பிறகு பிளாஸ்க்கைத் திறந்து
எனக்குத்தான் முதலில் ஊற்றுவார்.

பாலத்துக் கம்பியில் ஒரு மைலோ டின் கட்டியிருந்தது.
யாரோ சிகரெட் சாம்பலுக்கு வைத்தது என்றிருந்தேன்.
புதன் சாயங்காலமே டவுனுக்கு வந்து
இரும்புக்கடை மாடியில் அறை எடுத்து,
டின்னைக் கவிழ்த்துத் துடைத்துவிட்டுப் போவாராம்.
விடிந்ததும் நான் வருமுன் பார்த்துவிடுவாராம்.
இதெல்லாம் விசாரணையில்தான் தெரிந்தது.

அதற்குள் அவர் இல்லை. சிறுநீரகம்.
ஈப்போவிலிருந்து வந்த அதிகாரி
நோட்டைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி வாசித்தார்:
மழை, டின்: இல்லை.
மழை, சன்னாசி சொன்னது: நல்ல மழை.
மீன்: இல்லை.
ஒன்பது பக்கம் இப்படி.
ஒரு அடிக்கோடு இல்லை, கேள்விக்குறி இல்லை.
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு
அடுத்த மாதம் மறுபடி கேட்டிருக்கிறார்.

"யாருய்யா இந்த சன்னாசி?"
பெரட்டில் பெயர் கூப்பிட்டதுபோல்
கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.
எத்தனை சுற்று என்பதையும் சொன்னேன்.

மில்லுக்கு அபராதம் போட்டார்கள்,
லாரிக்கு நாலு டயர் வாங்கும் காசு.
எனக்கு வேலை போனது.
அந்தப் பெயரில்லாத மீன்
எந்த அலமாரியில் இருக்கிறதோ, விசாரித்தும் தெரியவில்லை.

நேற்று இரவு பிடித்தது மழை.
டார்ச்சோடு பாலத்தடியில் நின்றேன்.
வாய்க்கால் பொங்கிப் பனையேறிக் கெண்டைகள்
செவுள் முள்ளை ஊன்றி, ஊன்றி,
தார்ச் சடக்கில் ஏறின.
ஏறுவதற்கு அங்கே எந்தப் பனையும் இல்லை,
அந்தப் பக்கத்து வாய்க்கால்தான்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தேன்.
புதன் இரவு.
மழை, டின்: பதினாலு மில்லிமீட்டர்.
சன்னாசி சொன்னது:
மூன்று கடந்தன.
ஒன்று லாரியில் மாட்டியது.